மேசையில இல்லாத தொப்பி

மேசை மேல மூணு தொப்பி. ரெண்டு பெரிய காலேஜோடது, ஒண்ணு புரொஃபஷனல் லீகோடது.

எங்க ஸ்கூல் பாஸ்கெட்பால் டீமோட பெரிய ஆட்டக்காரன் கார்டெல். அவன் எத எடுத்து மாட்டுறானோ அங்கதான் ஆடப் போறான்னு அர்த்தம். அப்பல்லாம் ஸ்கூல் முடிச்ச கையோட நேரா லீகுக்கே போகலாம்.

எங்க ஊர்ல ஜனம் நாலாயிரம். பாஸ்கெட்பால் ஆடற ஸ்கூல் ஜிம்முல நாற்காலி அஞ்சாயிரம். அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்துல அப்படித்தான், என்னைக் கேக்காதீங்க. அன்னிக்கு அதுவும் பத்தல.

நான் ரெண்டாவது வரிசை. எனக்கு நேர் முன்னாடி கார்டெலோட அம்மா வில்லெட்டா.

ஒரு மாசமா அவ காதுல ஓதிக்கிட்டே இருந்தேன். "காலேஜ் எதுக்குடி வில்லெட்டா? ஆறடி ஒம்பது அங்குலம் இருக்கான். முட்டி நல்லா இருக்கறப்பவே லீகுக்கு அனுப்பு. புஸ்தகம் எங்கயும் ஓடிப் போயிடாது."

"நீங்களா இப்படிச் சொல்றீங்க?"ன்னு ஒரு மாதிரி பாத்தா. ஆனா கேட்டுக்கிட்டா.

கோச் ஹாப்சன் அவன் வாசிக்கறதுக்குன்னு ஆறு வரி எழுதிக் குடுத்திருந்தாரு. கடவுளுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, லீகுக்குப் போறேன். வாரம் பூரா லாக்கர் ரூம்ல உக்கார வெச்சு மனப்பாடம் பண்ண வெச்சாரு.

பையன் மைக்க இழுத்தான். மனப்பாடம் பண்ணினத ஒப்பிக்கல. தாள்ல வெரல வெச்சான்.

"மு... மொத... மொதல்ல..."

எழுத்தெழுத்தா. மொத வரிக்கே ரெண்டு நிமிஷம்.

"டேய், ஷாட் கிளாக் முடிஞ்சு ரொம்ப நேரமாச்சுடா!" மேல் வரிசையிலேருந்து ஒருத்தன் கத்தினான். பந்தக் கூடைக்கு எறிய ஆட்டத்துல குடுக்கற நொடிக்கணக்கு அது. ஜிம்மே சிரிச்சுது.

கார்டெல் தலையத் தூக்கினான்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. ஆனா நான் முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

கோச் தாளப் புடுங்கக் கைய நீட்டினாரு. கூடைக்கு அடியில நெருக்கறவன ஒதுக்குவான் பாருங்க, அதே மாதிரி முழங்கையால ஒதுக்கிட்டான்.

ஆறு வரி, பதினோரு நிமிஷம். 'நன்றியுணர்வு'ல நாலு தடவ விழுந்தான். அஞ்சாவது தடவ தாண்டினான். சிரிச்சவங்க சத்தமெல்லாம் எப்ப நின்னுச்சுன்னே தெரியல.

கடைசி வரி. "நான்... லீகுக்கு... போறேன்."

வெரல எடுத்தான். "இது பொய்"ன்னான்.

மூணு தொப்பியையும் ஒரே தள்ளு. ஜாக்கெட்டுக்குள்ளேருந்து நாலாவது ஒண்ண எடுத்து மாட்டிக்கிட்டான். ஹைவே பக்கம் இருக்கே, ரெண்டு வருஷக் காலேஜ், அதோடது. டீம்னு சொல்லிக்கற மாதிரி அங்க ஒண்ணும் கெடையாது. வயசு வந்தவங்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித் தர்ற வகுப்பு மட்டும் உண்டு.

"ஒரு நாள் லீக்காரங்க கையெழுத்துப் போடுன்னு தாள நீட்டுவாங்க. அதுல என்ன இருக்குன்னு நானே வாசிப்பேன். அதுவரைக்கும் காத்திருக்கட்டும்."

கோச் மொகத்துல ஈ ஆடல. வில்லெட்டா ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டா.

பேப்பர்காரர் ஒருத்தர் மைக்க நீட்டினாரு. "தம்பி, வாசிக்கவே வராதுங்கற. அப்ப நாலு வருஷமும் இங்கிலீஷ்ல 'பி பிளஸ்' கிரேடு எப்படி வந்துச்சு?"

கார்டெல் தொப்பிய நெத்திக்குக் கீழ இழுத்து விட்டுக்கிட்டான். "அடுத்த கேள்வி."

என் பக்கம் அவன் திரும்பக்கூட இல்ல.

ஃபெயில்னு போட்டா வெள்ளிக்கிழமை மேட்ச் ஆட விடமாட்டாங்க. அவன் ஆடலைன்னா ஊரே என் வாசல்ல வந்து நிக்கும். காலேஜ்ல சேத்தா மொத வாரமே குட்டு வெளிப்பட்டுரும். லீக்ல எவன் வாசிக்கச் சொல்லப் போறான்?

அவன்தான் முடிச்சுட்டானே. இப்ப எந்திரிக்கலாம்.

எந்திரிச்சேன்.

"அந்தக் கேள்விய என்னைக் கேளுங்க"ன்னேன். "அவனோட இங்கிலீஷ் டீச்சர் நான்தான்."