பொய் சொல்லும் விளக்கு

"பாரு, மறுபடியும் பொய் சொல்லுது" என்றான் ராதோவான்.

விமானத்தின் முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு மினுக்கியது. என்ஜின் கக்கும் நச்சுவாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அது உள்ளே கசிந்தால் எச்சரிக்க வைத்த விளக்கு. என்ஜினோ காலையிலிருந்து ஓடவேயில்லை.

வீட்டுக் கொட்டகையில் ஆறு குளிர்காலமாக இருவரும் சேர்ந்து கட்டிய விமானம். நாளை சோதனை அதிகாரி வருகிறார். விளக்கு இப்படி உளறினால் பறக்க விடமாட்டார்.

"எர்த் ஒயரைப் பாத்தியா?" ஹெட்விகா டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தாள்.

"பாத்தாச்சு. ஃப்யூஸ் சரி, பேட்டரி சரி. சென்சார்கூடப் புதுசு. இதுவும் உன்னை மாதிரிதான், சும்மா சும்மா பயமுறுத்தும்."

அவள் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பயந்து சொன்ன எதையும் அவன் நம்பியதில்லை. போகப்போக அவளுக்கே தன்மேல் நம்பிக்கை போயிருந்தது. அந்தச் சின்ன விளக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தலை வலிக்குது, ராதோ."

"டீயில அவ்வளவு ரம் ஊத்தினா வலிக்காம?"

குளிருக்கு மூட்டியிருந்த அடுப்புக்குக் கரி எடுக்கக் கதவைத் திறந்தாள். பனிக்காற்று கொட்டகைக்குள் பாய்ந்தது. பனியில் புதைந்து நடந்து வாளியோடு திரும்பியபோது விளக்கு அணைந்திருந்தது.

"ஒயரை அசைச்சேன், நின்னுடுச்சு. லூஸ் கனெக்‌ஷன்தான்" என்றான்.

அடுப்பில் கரியைப் போட்டாள். அவன் விரல்கள் விறைக்கக் கூடாதென்று கதவிடுக்கில் கந்தலை மறுபடி திணித்தாள். கூரைமேல் பனி பொதபொதவென்று விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் விளக்கு மீண்டும் கண் விழித்தது.

"சனியனே" என்றான் ராதோவான். கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது. எடுத்தான், மறுபடி நழுவியது. "இந்த ஒயரையே மாத்திடறேன்."

கத்தரித்தான். சிவப்பு செத்தது.

"ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கறேன்" என்று அப்படியே இருக்கையில் தலை சாய்த்தான்.

ஹெட்விகா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். காகிதம் சரசரத்தாலே அடுப்பருகே படுத்துக் கிடக்கும் நாய் ஆஸோர் காதை நிமிர்த்திக்கொண்டு ஓடிவரும். இன்று அசையவில்லை. ஒரு துண்டு இறைச்சியை அதன் மூக்கருகே நீட்டினாள். பிறகு அதன் வயிற்றில் கை வைத்தாள். வயிறு ஏறி இறங்கவில்லை.

அடுப்பைப் பார்த்தாள். தான் திணித்த கந்தலைப் பார்த்தாள். எழுந்திருக்க முயன்றாள், கால்கள் துவண்டன. கதவு வெகு தூரத்தில் இருந்தது.

"ராதோ... விளக்கு பொய் சொல்லலை."