முப்பத்தாறு 'சரிங்க'

"அந்த வாயை வெச்சுக்கிட்டு துமினாவா நம்ம தெருத் தலைவி? தெரு தாங்குமா, சொல்லுங்க!"

கேட்டுக்கொண்டே ஜுமாதியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார் ஹந்தோயோ. 'மனதைத் தொடும் பேச்சு' என்று ஜாவாவின் செமாராங் நகரம் முழுக்க வகுப்பு எடுக்கிறவர். அடுத்தவரோடு எப்படி ஒட்டி உறவாடுவது என்று அவரிடம் கற்றுக்கொள்ள, பெரிய பெரிய அதிகாரிகளே வரிசையில் நிற்கிறார்கள்.

மறுநாள் ஞாயிறு, தெருத் தலைவர் தேர்தல். முப்பத்தெட்டு வீடு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. 'தன் தெருவின் மனதை வென்ற தலைவர்' என்று அடுத்த வார வகுப்புக்கு நோட்டீஸ்கூட அடித்தாகிவிட்டது. வெல்வது ஒன்றுதான் பாக்கி.

எதிர்த்து நிற்பது முனைக் கடையில் வாழைப்பழ பஜ்ஜி போடும் துமினா. போட்டிக்கு இன்னொரு ஆள் வேண்டுமே என்று பழைய தலைவர் தார்சோனோ எழுதிவைத்த பெயர், அவ்வளவுதான்.

ஹந்தோயோ உட்காருவதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து துமினாவின் குரல் பாய்ந்தது.

"டேய் ஜுமாதி! தடிமாடு! பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா இல்லையா? டாக்டர்கிட்ட காட்டினியா, இல்ல உன் மூஞ்சியக் காட்டிட்டு இருக்கியா?"

"விட்டுடுச்சு இபு!" அம்மா என்கிற மரியாதையோடு ஜுமாதி பதில் கொடுத்தான்.

"விட்டா கஞ்சியக் குடு. பஜ்ஜி வாங்கிட்டு வான்னு அதை என் கடைக்கு அனுப்பினே, காலை ஒடிச்சிருவேன்!"

ஹந்தோயோ காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "பார்த்தீங்களா மாஸ் ஜுமாலி? இதுக்குப் பேர் பேச்சா? வார்த்தையால அடிக்கிறது."

பெயர் சொல்லி அழைத்தால் நெருக்கம் வளரும், ஒரு பேச்சில் மூன்று தடவையாவது அழைக்க வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம். மூன்று தடவையும், 'மாஸ்' என்று அண்ணன் முறை சேர்த்து, ஜுமாலி என்றே அழைத்தார். பதிலுக்கு 'பாக்', அதாவது ஐயா, என்று அழைக்கும் ஜுமாதி திருத்தவில்லை. வீடு தேடி வந்தவரின் தப்பைச் சுட்டிக்காட்டுவது எந்த ஊர் மரியாதை?

"பாக், நம்ம சாக்கடை அடைச்சுக் கிடக்கு. மழை பெஞ்சா தண்ணி வீட்டுக்குள்ள..."

ஹந்தோயோ நெஞ்சில் கை வைத்தார். "தண்ணி வீட்டுக்குள்ள வருதுன்னு நீங்க உணர்றீங்க."

"உணரல பாக், வருது. போன வாரம் பிள்ளைய மேசை மேல படுக்க வெச்சு..."

"மேசை மேல. ம்ம். உங்க வலி எனக்குப் புரியுது." கண் கைக்கடிகாரத்துக்குப் போய் வந்தது. வீட்டுக்கு ஏழு நிமிடம்தான். "அப்போ உங்க ஓட்டு எனக்குத்தானே?"

"சரிங்க பாக்."

தன் வீடும் துமினா வீடும் போக, இது முப்பத்தாறாவது வீடு. முப்பத்தாறாவது 'சரிங்க'. நோட்டில் டிக் அடித்துக்கொண்டு கிளம்பினார்.

ஜாவாக்காரர் சொல்லும் 'சரிங்க'வுக்கு, நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் அர்த்தம் கிடையாது. அவ்வூரில் பிறந்தவர் எல்லாருக்கும் இது தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு இதையே தனிப் பாடமாக நடத்துகிறவர் ஹந்தோயோ. ஆனால் அது வகுப்பு, இது ஓட்டு.

ஞாயிறு காலை தெருவே கூடிச் சாக்கடையை அள்ளியது. எல்லாரும் கைகால் கழுவும் நேரம் பார்த்து, மடிப்புக் கலையாத பாத்திக் சட்டையில் வந்து சேர்ந்தார் ஹந்தோயோ. காவல் கொட்டகையில் ஓட்டுப் பெட்டி இருந்தது.

சீட்டை வாங்கித் திரும்பியவர் கண்ணில், முழங்கால்வரை சேற்றோடு நின்ற துமினா பட்டாள். ஓட்டுக் கேட்டு ஒரு வீட்டுப் படிகூட ஏறாதவள். ஐயோ பாவம், தன் ஒரே ஓட்டோடு நிற்கப் போகிறாளே என்று அவருக்கு மனம் இளகிவிட்டது. சீட்டில் துமினா என்று எழுதினார். அடுத்த வார வகுப்பில் இதை எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதும்போதே முடிவாகிவிட்டது.

தார்சோனோ சீட்டுகளைப் பிரித்துப் படித்தார்.

"துமினா. துமினா. துமினா..."

கரும்பலகையில் கோடு விழுந்துகொண்டே போனது. கடைசிக்கு முந்திய சீட்டில்தான் குரல் தடுமாறியது. "ஹந்தோயோ."

முப்பத்தேழுக்கு ஒன்று.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தரையில் பார்க்க ஏதோ இருந்தது. அந்த ஒன்றை அவரே போட்டுக்கொண்டார் என்று தெருவே நினைக்கிறது, இல்லை, துமினாவுக்குப் போட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? மனிதர் கூனிக் குறுகிப் போனார். இருந்தாலும் ஒரு மனதையாவது தொட்டிருக்கிறோமே! பாய்ந்து போய் ஜுமாதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே அது? எனக்குத் தெரியும் மாஸ்!"

ஜுமாதி நெளிந்தான். "அது வந்து... சரிங்க பாக்."

"அவனை ஏன்யா போட்டு வதைக்கிறே?"

பஜ்ஜித் தட்டோடு வந்த துமினா, அவரைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். தெருமுனைவரை கேட்கிற அந்தக் குரல் இப்போது கிசுகிசுத்தது.

"அந்த ஓட்டு நான் போட்டது. யார்கிட்டயும் சொல்லிடாதே. வீடு வீடா நீ பேசின பேச்சை, எல்லாரும் என் கடையில வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. மனுஷன் தன் ஒத்த ஓட்டோட நின்னா எப்படித் தாங்குவான், கூட ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தலையை நீட்டிக் கரும்பலகையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"அப்படிப் பார்த்தா ரெண்டு இருக்கணுமே பாக்... நீகூட உனக்குப் போட்டுக்கலையா?"