அறுபது மெகாபிக்சல்

மாலை வெயில் கேமரா கடையின் கண்ணாடி மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. விற்பனைப் பெண் மூச்சுவிடாமல் பேசுகிறாள். "உங்க பழைய கேமராவுல சிசிடி சென்சார் சார், மூணே மெகாபிக்சல். இது புது சிமாஸ் சென்சார், அறுபது. எதிர் மாடியில நிக்கிறவங்க இமை முடியைக்கூட எண்ணிடலாம்." பெரியவர் 'அறுபது' என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறார். பிறகு சட்டைப் பையிலிருந்து, கைக்குட்டையில் பொதிந்த பழைய மெமரி கார்டை எடுத்து நீட்டுகிறார். "இதைப் போடும்மா. என் வீட்டுக்காரி. உயிரோட இருந்தவரைக்கும் கேமராவைக் கண்டாலே ஓடிடுவா, சிக்கினது இந்த ஒரு படம்தான். தூரத்துல நிக்கிறா. இதுலயாவது முகம் தெரியுதான்னு பாப்போம்." எடுத்தபோது பதியாதது இனி எந்தக் கேமராவிலும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதைப் பார்த்து, கார்டைச் செருகுகிறாள். திரையில் கடல், மணல், நடுவே நகமளவு ஓர் உருவம். பெரிதாக்குகிறாள். உருவம் கட்டம் கட்டமாக உடைகிறது. முகம் இருந்த இடத்தில் நான்கைந்து மங்கிய சதுரங்கள். அவள் விரல் தயங்கி நிற்கிறது. "இன்னும் கொஞ்சம் கிட்ட போம்மா" என்கிறார். திரை முழுக்க இப்போது ஒரே ஒரு பழுப்புச் சதுரம். அதைத் தொடாமல் தொட்டு, "அவ நெறம்தான்" என்கிறார்.