கேஷைக் கிளியர் பண்ணு

“பிளான்ல என் பேரு வரணும் சார்.”

முதலாளி விக்டர் நிமிர்ந்து பார்த்தார். கருவடிக்குப்பத்தில் ஒரு மாடியில் நடக்கும் அந்தக் கட்டட வடிவமைப்பு ஆபீஸில் எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்டுவிடாதே என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தாள் அக்கவுண்ட்ஸ் பாக்கியலட்சுமி. செந்தமிழ்ச்செல்வி மூன்று வருஷம் கேட்கவில்லை. இன்று கேட்டுவிட்டாள்.

“எந்த பிளான்ல?”

“கோரிமேடு டயாலிசிஸ் சென்டர். டாக்டருங்க இன்னும் அரை மணி நேரத்துல வந்துடுவாங்க. வரைஞ்சவர்னு மரிய அருண் பேரு இருக்கு. வரைஞ்சது நானு.”

“பேரு சீனியரோடது செல்வி. எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான்.”

“மூணு நாளா அவரு ஆபீஸுக்கே வரல சார். அக்கா மகன் ஞானஸ்நானத்துல இருந்தவரு இங்க எப்படி வரைவாரு?”

மரிய அருண் அன்று காலைதான் லீவு முடிந்து வந்திருந்தான். வந்ததிலிருந்து மேசை மேசையாகக் கேக் கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது மீட்டிங் ரூமில் புரொஜெக்டருக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான்.

“டயாலிசிஸ் ஹால் மொதல்ல மாடியில இருந்துச்சு. பஸ்ல வந்து எறங்கற பேஷண்ட் எப்படிப் படி ஏறுவாங்க, கீழ கொண்டாங்க, ரோட்டுப் பக்கம் சரிவா ராம்ப் வைங்கன்னு வெள்ளிக்கிழமை டாக்டருங்க முன்னாடி சொன்னது யாரு? நீங்க என்னை மொறைச்சீங்க. அவங்க அதையே போடச் சொன்னாங்க.”

“நேத்து உன் ஸ்க்ரீன்ல பார்த்தேனே, பிரமாதம்னு சொன்னேனா இல்லியா? அத்தோட விடு.”

“பிரமாதத்தை வச்சு நான் என்ன சார் பண்றது? போன மாசம் சென்னையில இன்டர்வியூ. மூணு வருஷமா நீ வரைஞ்சதைக் காட்டுன்னாங்க. காட்ட ஒரு தாள் இல்ல.”

“ஓ, வேற எடம் தேடறியா? உங்க வீட்ல மொத டிகிரி நீ. அதுக்கே இந்த ஆட்டம். உங்கப்பா மில்லுல நெய்ஞ்ச துணியில எல்லாம் அவரு பேரு போட்டுக்கிட்டாரா?”

“போடல. இன்னிக்கு மில்லும் இல்ல, அவரு பேரும் எங்கயும் இல்ல.”

விக்டர் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவள் நகரவில்லை.

அந்த ஆபீஸில் பேர் திருடுவதற்குப் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் வரைவது அவரவர் கணினியில் உள்ள கேஷ் என்ற தற்காலிக ஃபோல்டரில் கிடக்கும். சிங்க் கொடுத்தால்தான் ஆபீஸுக்குப் பொதுவான சர்வரில் ஏறும். ‘ஜூனியர்கள் சிங்க் பண்ணக் கூடாது’ என்று சுவரிலேயே ஒட்டியிருந்தார் விக்டர். அருண்தான் வந்து, தன் ஐடியைப் போட்டு, சிங்க் கொடுப்பான். ஏறும்போதே அவன் பேரில் ஏறிவிடும்.

“சரி சார். என் மெஷின் கேஷ்ல எல்லாக் கோடும் என் பேருலதான் இருக்கு, தேதி நேரத்தோட. டாக்டருங்க வரட்டும். தெறந்து காட்றேன்.”

விக்டர் எழுந்துவிட்டார்.

“மெரட்றியா? கிளையன்ட் முன்னாடி என் மானத்தை வாங்குவியா? வா இப்படி.”

விறுவிறுவென்று அவள் மேசைக்கு நடந்தார். மேசை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தண்ணீர் பாட்டில் இல்லை, டம்ளர் இல்லை, மானிட்டர் ஓரத்தில் எப்போதும் இருக்கும் சின்னக் கள்ளிச்செடி இல்லை. அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

“கேஷைக் கிளியர் பண்ணு.”

“வேணாம் சார்.”

“பண்ணுன்னா பண்ணு. இப்பவே, என் கண்ணு முன்னாடி.”

“சார், அதுல என் மூணு நாள் வேலை இருக்கு.”

“அருண் வேலை! இன்னொரு தடவை என் வேலை, என் வேலைன்ன, அவ்ளோதான்.”

“நான் சொல்ல வர்றதைக் கொஞ்சம் கேளுங்க சார்...”

“வாயை மூடு!”

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவரே குனிந்தார். கேஷ் ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, நிரந்தரமாக அழிக்கச் சொன்னார். நிச்சயமா என்று கேட்ட பெட்டியைப் படிக்காமலே ஓகே கொடுத்தார்.

பச்சைக் கோடு ஒன்று திரையில் இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது. ஃபோல்டர் காலி.

“இப்ப காட்டு, யாருக்குக் காட்டுவியோ.”

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை. கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றி கீபோர்டின் மேல் வைத்தாள். மேசைக்கு அடியில் காலையிலிருந்தே கட்டித் தயாராக இருந்த பையை எடுத்தாள். ஜிப் மூடாத இடத்தில் கள்ளிச்செடி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

“போ, போ. ஆள் கெடைக்காமயா போயிடும்?” என்றார் விக்டர்.

கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டாக்டர்கள். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மீட்டிங் ரூமிலிருந்து அருண் கத்தினான்.

“சார்! சர்வர்ல போன வெள்ளிக்கிழமை பிளான்தான் இருக்கு. ஹால் இன்னும் மாடியிலயே கெடக்குது. ராம்ப்பே இல்ல!”

விக்டர் படிக்கட்டுக்கு ஓடி வந்தார். “செல்வி... ஏம்மா செல்வி! நேத்து உன் ஸ்க்ரீன்ல பார்த்தேனே, அந்த பிளான் ஏன் சர்வர்ல இல்ல?”

பாதிப் படி இறங்கியிருந்தவள் நிற்கவில்லை, திரும்பவுமில்லை.

“ஜூனியர் சிங்க் பண்ணக் கூடாதுல்ல சார்.”