முதலில் நீ முட்டு

பூங்காவில் தாய்ச்சி பழகுகிறவர்களை மூன்று மாதம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தே அந்தச் சீனக் கலையைக் கற்றுக்கொண்டன இரண்டு கிடாக்கள். நம் பலத்தைக் காட்டக் கூடாது, எதிராளி பாய்ந்து வரும் வேகத்தைக் கொண்டே அவனைச் சாய்த்துவிட வேண்டும். இதுதான் அவற்றுக்குப் புரிந்த பாடம்.

ஒருநாள் வழியில் ஒரு கட்டு அகத்திக்கீரை கிடந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் பார்த்துவிட்டன. உடனே முழங்காலை லேசாக மடக்கி, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி, எதிரெதிரே நின்றன.

“வா, வந்து முட்டு பார்க்கலாம்,” என்றது செவலைக் கிடா.

“நீ முட்டு. அப்புறம் எங்கே போய் விழுகிறாய் என்று பார்,” என்றது புள்ளிக் கிடா.

“முதலில் முட்டுகிறவன்தான் விழுவான். எனக்கு அதுகூடத் தெரியாதா?”

வெயில் ஏறியது. எட்டுக் கால்களும் நடுங்கின. அந்த வழியாக வந்த கழுதை, “என்னப்பா, சண்டையா?” என்று கேட்டது.

“பேச்சுக் கொடுக்காதே. மூச்சு கலைந்துவிடும்,” என்றது செவலை.

“சரி, பேசவில்லை,” என்ற கழுதை, கீரையை நிதானமாக மென்று முடித்து, ஏப்பம் விட்டுவிட்டுப் போனது.

அது தெருமுனை திரும்பிய பிறகு புள்ளிக் கிடா மெல்லச் சொன்னது:

“பார்த்தாயா? நம்மைத் தொட அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.”