மணிச் சத்தத்துக்குள் ஒரு பூட்டு

காஜா பேராங் அம்மன் கோவிலின் நகை அறை புழுங்குகிறது. வெளியே சுதந்திர தினமான மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் படபடக்கின்றன. நகை பூட்டாமல் அம்மன் தேரேற மாட்டாள் என்பதால் தேர் அப்படியே நிற்கிறது. உள்ளே கோவில் தலைவர் அப்பாசாமி இரும்புப் பெட்டியின் நம்பர் பூட்டைத் துண்டால் மூடி, அடியில் கைவிட்டுத் திருகுகிறார். அது டக் டக்கென்று சொல்லும் எண் யார் காதிலும் விழக்கூடாது. அதற்காகவே மருமகள் கோகிலா வருஷா வருஷம் போலப் பக்கத்தில் நின்று கைமணியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இன்று பெட்டி திறக்கவில்லை. அவர் மூக்கு நுனியில் வேர்வை தொங்குகிறது. மறுபடி திருகுகிறார், கைப்பிடி அசையவில்லை. வாசலில் நாதஸ்வரக்காரர் சும்மா சும்மா சீவாளியை ஊதிப் பார்க்கிறார். "ஏன் தலைவரே இவ்ளோ லம்பாட்டு? நேரமாச்சு!" என்று யாரோ கத்துகிறார்கள். "நிறுத்தாதம்மா, ஆட்டு!" என்று அப்பாசாமி உறுமுகிறார். நிறுத்தாமலே கோகிலா குனிகிறாள். "மாமா, கடைசித் திருப்புக்கு உங்க முழங்கை வெளிப்பக்கமா போகும். இன்னைக்கு உள்பக்கமா போகுது." துண்டுக்கடியில் அவர் கை அசையாமல் நிற்கிறது. பிறகு மெல்ல வெளிப்பக்கம் திருப்புகிறார். கதவு திறந்துகொள்கிறது. அம்மனின் அட்டிகை விளக்கொளியில் மின்னுகிறது. அப்பாசாமி அதைப் பார்க்கவில்லை, மருமகளையே பார்க்கிறார். "எப்பலேருந்து தெரியும்?" கோகிலா மணியை இன்னும் பலமாக ஆட்டுகிறாள்.