ஆறு படங்கள்

"உங்க வீட்டுக்காரர் சாவுக்கு நான்தான் காரணம்" என்று சொல்லிவிடத்தான் இவள் வந்திருந்தாள். கதவைத் தட்டினாள்.

இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது இவள் தொழில். ஆலையின் பெரிய கலவைத் தொட்டிக்கு இருநூறு பக்கக் கையேடு இருந்தும் ஒருவரும் புரட்டுவதில்லை என்று நிர்வாகம் புலம்ப, ஓர் எழுத்துகூட இல்லாமல் அணைப்பது முதல் மறுபடி ஓடவிடுவது வரை ஆறே படங்களில் அதை ஒரு தாளுக்குள் அடக்கிக் கொடுத்தாள். எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மூன்றாம் மாதம், தொட்டிக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்த ஆபரேட்டர் வெளியே வருமுன்பே இயந்திரம் ஓடிவிட்டது.

கதவைத் திறந்த அவன் மனைவி, இவளைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

"வெளிய வாடி கண்ணு. இனிமே ஒளிய வேண்டாம்."

ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தலையெல்லாம் தூசியோடு ஊர்ந்து வந்தது.

கொடியில் ஆலையின் நீலச் சீருடை காய்ந்தது. "என்னுதுதான். நானும் அங்கதான் தரை கூட்டுறேன். உக்காருங்க" என்றாள் அவள்.

இவள் பையிலிருந்து தாளை எடுத்தாள்.

"மெயின் சுவிட்சை அணைக்காமலே உங்க வீட்டுக்காரர் இறங்கிட்டாருன்னு விசாரணையில சொல்றாங்க. மூணாவது படம் அதுக்குத்தான். புரியற மாதிரி வரையாம விட்டுட்டேனோன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. ஒரு வாரமா சோறு இறங்கல."

அவள் தாளை வாங்கி மூன்றாவது படத்தின் மேல் விரல் வைத்தாள். எப்போதோ முறிந்து, கோணலாகவே கூடிவிட்ட விரல்.

"அணைச்சிட்டுத்தான் இறங்கினாரு. நான் பாத்தேன்."

"அப்புறம் எப்படிங்க ஓடும்? சுவிட்ச் ரூம் தொட்டிக்கு அந்தப் பக்கமில்ல இருக்கு? வேற யாராவது போய்ப் போட்டாத்தானே..."

அவள் குழந்தையின் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "வாசல்ல போய் விளையாடு" என்று அனுப்பினாள். அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை நான்காக மடித்து இவள் கையில் வைத்தாள்.

"படத்துல ஒரு குறையும் இல்லீங்க. எழுதப் படிக்கத் தெரியாத எனக்கே புரிஞ்சுதே."